பண்டைய கிரேக்க இலக்கியத்தை இளங்கலையில் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் கிளாசிக்ஸ் (பண்டைய கிரேக்க, உரோம உலகைப் பற்றிய படிப்பு) படித்தவன் என்று தெரிந்ததும் பிளஸ் டூ மாணவர்களும் அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களை மனத்தில் வைத்துச் சொன்னவை. நான் படித்தது அங்கேதான்.

“கிளாசிக்ஸ்” என்பதும் கிரேக்க இலக்கியம் என்பதும் ஒன்றா?

இல்லை. கிரேக்க இலக்கியம் என்ற பெயரில் தனி இளங்கலைப் பட்டம் அபூர்வம். கிளாசிக்ஸ் என்ற பெரிய வீட்டில் அது ஓர் அறை. அதே கூரையின் கீழ் லத்தீன், பண்டைய வரலாறு, தத்துவம், தொல்லியல், மொழியியல் எல்லாம் இருக்கும். ஆக்ஸ்போர்டில் இந்தப் படிப்புக்கு லிட்டரே ஹியூமானியோரெஸ் என்று பெயர், நான்கு ஆண்டுகள். கேம்பிரிட்ஜில் மூன்று ஆண்டுகள், பள்ளியில் லத்தீன் படிக்காமல் வருகிறவர்களுக்கு நான்கு.

விண்ணப்பிக்கும்போது பட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். “கிளாசிக்கல் ஸ்டடீஸ்”, “கிளாசிக்கல் சிவிலைசேஷன்” என்று இருந்தால் பெரும்பாலும் மொழி கட்டாயமில்லை, நூல்களை மொழிபெயர்ப்பில் படிக்கலாம். வெறும் “கிளாசிக்ஸ்” என்றால் இலக்கணப் புத்தகம் காத்திருக்கிறது என்று பொருள்.

பள்ளியில் கிரேக்கம் ஓர் எழுத்துகூடப் படித்ததில்லை. சேர முடியுமா?

முடியும். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் ஆல்ஃபாவிலிருந்து தொடங்கியவர்கள், நானும் அப்படித்தான். பள்ளியில் கிரேக்கம் சொல்லித்தரும் இடங்கள் பிரிட்டனிலேயே குறைவு, பெரும்பாலும் கட்டணப் பள்ளிகள். அதனால் மொழியை அடிப்படையிலிருந்து கற்பிக்கும் வகுப்பு அநேகமாக எல்லாத் துறைகளிலும் உண்டு. நேர்காணலில் உங்களுக்குத் தெரிந்த கிரேக்கத்தை அளப்பதில்லை. ஒரு பத்தியைக் கையில் கொடுத்தால் அதில் எதைக் கவனிக்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

மொழி எவ்வளவு கடினம்?

கடினம்தான். ஆனால் ஆங்கிலப் பாடநூல்கள் “இதுதான் கடினம்” என்று எச்சரிக்கும் இடங்களில் பாதி, தமிழருக்குக் கடினமே இல்லை. அவை எச்சரிக்காத இடத்தில் நாம் போய் விழுகிறோம்.

முதலில் நல்ல செய்தி. எழுத்துகள் 24, ஒரு வாரத்தில் வந்துவிடும். அதில் எகரத்துக்கு எப்சிலான், ஏகாரத்துக்கு ஈட்டா. ஒகரத்துக்கு ஒமிக்ரான், ஓகாரத்துக்கு ஒமேகா. எடு, ஏடு என்றும் கொடு, கோடு என்றும் பேசி வளர்ந்தவருக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. என் வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்களுக்கு இந்தக் குறில் நெடில் வேறுபாடு காதில் ஏறவே ஒரு பருவம் ஆயிற்று. கிரேக்க யாப்பு முழுவதும் குறில் நெடிலின் மேல் நிற்பதால் இது சின்ன வசதி அல்ல.

அடுத்தது, செய்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் நடுவில் கிரேக்கத்தில் இருக்கும் மூன்றாவது வினை வடிவம். செய்கிறவன் தனக்காகச் செய்துகொள்வதை அது காட்டும். பாடநூல் இதற்கு ஆறு பக்கம் ஒதுக்கியிருந்தது. நமக்கு அது ஏறத்தாழ “கொள்” என்ற துணைவினை. ஹோமரின் காவியமான இலியட்டின் தொடக்கத்தில் கிரைசஸ் என்ற பூசாரி, சிறைப்பட்ட மகளைத் தேடி மீட்புப் பொருளோடு வருகிறார். 13ஆம் அடியில் அவர் “மீட்டுக்கொள்ள” வந்தார் என்று கவிஞர் சொல்கிறார். 20ஆம் அடியில் கிரேக்கர்களிடம் “விடுவியுங்கள்” என்று பூசாரியே கேட்கிறார். இரண்டும் ஒரே வினைச்சொல். வடிவம் மட்டும் வேறு.

சின்னச் சின்ன இடைச்சொற்களும் அப்படித்தான். “கெ” என்ற ஓரசைச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லை, குரலை ஏற்றி இறக்கித்தான் காட்ட வேண்டும் என்பார் எங்கள் ஆசிரியர். நான் மனத்துக்குள் “ஆவது” என்றோ “தான்” என்றோ போட்டுக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். “பேசுகிறவன்”, “வந்தவர்கள்” போன்ற நம் வினையாலணையும் பெயர்களும் கிரேக்கத்தில் பக்கத்துக்குப் பத்து கிடைக்கும்.

இனி விழும் இடம். காமா, கப்பா, கை என்ற மூன்று வெவ்வேறு மெய்களும் நம் “க” ஒன்றுக்குள் போய் ஒடுங்கிவிடும். த, ப வரிசைகளிலும் இதே கதை. முதல் ஆண்டுச் சொல்வதெழுதல் தேர்வுகளில் நான் இழந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி இங்கேதான் போனது.

பிறகு வினைச்சொற்கள். ஒரே வினை சில நூறு வடிவங்கள் எடுக்கும். அதையாவது விதியாகக் கற்கலாம். சில வினைகள் விதிக்கும் அடங்குவதில்லை. சுமக்கிறேன் என்பதற்குப் பெரோ, சுமப்பேன் என்பதற்கு ஒய்சோ, சுமந்தேன் என்பதற்கு ஏனெங்கா. மூன்றும் ஒரே சொல்லாம்! இதற்குக் குறுக்கு வழி கிடையாது. பஸ்ஸில், குளியலறையில், சாப்பாட்டு வரிசையில் நின்று மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

மொழிபெயர்ப்பில் படித்தால் போதாதா? நல்ல மொழிபெயர்ப்புகள்தான் இருக்கின்றனவே?

இந்தக் கேள்வியைக் கல்வித் துறையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2021இல், கிளாசிக்ஸை முதன்மைப் பாடமாக எடுப்பவர்கள் கிரேக்கமோ லத்தீனோ படித்தே ஆக வேண்டும் என்ற விதியை நீக்கியது. கதவு அகலமாகும் என்றார்கள் ஒரு சாரார், வீடே போய்விடும் என்றார்கள் மறுசாரார். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. நான் மொழியின் பக்கம்.

ஏன் என்பதற்கு இலியட்டின் முதல் சொல்லே போதும். “மேனின்”: சினத்தை. எழுவாய் அல்ல, இரண்டாம் வேற்றுமை. பாட்டு யாரைப் பற்றியது என்று தெரிவதற்கு முன்பே எதைப் பற்றியது என்று தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் சொல்லை முன்னால் கொண்டுவரலாம், வேற்றுமை உருபைக் கொண்டுவர முடியாது. தமிழில் “சினத்தைப் பாடு, தேவி” என்று அப்படியே வைத்துவிடலாம். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் செருக்கு ஓர் அடிகூட நீடிக்கவில்லை. இரண்டாம் அடியின் முதல் சொல் “ஊலொமெனேன்”. அழிவைக் கொண்டுவந்த, சபிக்கத்தக்க என்று பொருள். முதல் அடியின் சினத்துக்கு அடைமொழி. நடுவில் நான்கு சொற்கள் கிடக்கின்றன. கிரேக்கத்தில் அடைமொழியும் வேற்றுமை ஏற்பதால் எவ்வளவு தள்ளி நின்றாலும் தன் பெயரைக் கண்டுபிடித்துக்கொள்ளும். சினம் என்று கேட்டு, யாருடையது என்று கேட்டு, ஒரு மூச்சு விட்ட பிறகு, “பாழாய்ப்போனது” என்று வந்து விழுகிறது அந்தச் சொல். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். வேண்டுமானால் புதிதாக ஒரு வாக்கியம் தொடங்கலாம். அது ஹோமர் செய்தது அல்ல.

இதையெல்லாம் சொன்ன பிறகு ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். இலியட்டில் 15,693 அடிகள். மொழியோடு பட்டம் பெறுகிறவர்களிலும் அத்தனையையும் கிரேக்கத்தில் படித்து முடிப்பவர்கள் சிலரே. சில காண்டங்களைக் கிரேக்கத்திலும் மீதியை மொழிபெயர்ப்பிலும் படிப்பதுதான் வழக்கம்.

கிரேக்கத்தில் முதலில் எந்த நூலைப் படிக்கச் சொல்வார்கள்?

ஹோமரை அல்ல, அது பழைய, வேறு வட்டார மொழி. கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸின் உரைநடைதான் முதல் படி. என் அனுபவத்தில் மிகச் சிறந்த முதல் நூல், பிறருக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட லிசியஸ் எழுதிக் கொடுத்த ஒரு நீதிமன்றப் பேச்சு. யூஃபிலீட்டஸ் என்பவன் தன் மனைவியோடு இருந்த எரட்டோஸ்தெனீஸைக் கொன்றுவிட்டான். திட்டமிட்ட கொலை என்கிறார்கள் இறந்தவனின் உறவினர்கள். சட்டம் அனுமதித்ததைச் செய்தேன் என்கிறான் இவன்.

வாக்கியங்கள் எளிமையானவை, ஏனென்றால் பேசுகிறவன் தன்னைச் சாதாரணக் குடும்பஸ்தன் என்று காட்டிக்கொள்ள வேண்டும். குழந்தை பிறந்ததும் மனைவிக்கு வசதியாக இருக்கட்டும் என்று பெண்கள் பகுதியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியதைச் சொல்கிறான். இரவில் கதவு கிறீச்சிட்டதைச் சொல்கிறான். அவளுடைய சகோதரன் இறந்து முப்பது நாள்கூட ஆகாத நிலையில் முகத்தில் வெள்ளைப் பூச்சு தெரிந்ததாம். அதைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல் வெளியே போனானாம். இவ்வளவு அப்பாவியா ஒருவன்? இந்த அப்பாவித்தனமே காசு கொடுத்து எழுதி வாங்கியது என்று புரியும் கணத்தில், இலக்கணப் பயிற்சியாக இருந்தது இலக்கியமாகிவிடுகிறது.

அதன் பிறகு பிளேட்டோ, யூரிப்பிடீஸின் ஒரு நாடகம், ஹோமரின் ஒரு காண்டம் என்று வரிசை போகும். கடின நடை கொண்ட வரலாற்றாசிரியர் துசிடிடீஸைக் கடைசிக்கு வைப்பார்கள். நல்லது.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

முதல் ஆண்டில் கிட்டத்தட்ட தினமும் மொழி வகுப்பு, வாரம் ஒரு சொற்தேர்வு, ஒரு கட்டுரை. இலக்கிய விரிவுரைகள் அதற்கு மேல். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கட்டுரையை எடுத்துக்கொண்டு ஒன்றிரண்டு பேராக ஆசிரியர் முன் உட்கார வேண்டும். தூங்கி வழிய வழியே இல்லை.

மீதி நேரம் முழுக்க வாசிப்பு, அதுவும் ஆமை வேகத்தில். தொடக்கத்தில் இருபது அடிக்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. அகராதியைப் புரட்டு, வினையைப் பிரி, குறிப்பைப் பார், மீண்டும் அடிக்கு வா. “இரண்டு பக்கம் படித்ததற்கா இவ்வளவு களைப்பு?” என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். பள்ளியில் செய்யுள் பகுதிக்குப் பதவுரையும் பொழிப்புரையும் இலக்கணக் குறிப்பும் எழுதிய அனுபவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இது அதேதான், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு. அந்த வேலை அப்போதே பிடிக்காமல் இருந்தவர்களுக்கு இந்தப் படிப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தேர்வில் என்ன கேட்பார்கள்?

மூன்று வகை. முன்பு பார்த்திராத பத்தியை மொழிபெயர்ப்பது, கட்டுரை எழுதுவது, பாடநூலிலிருந்து சில அடிகளைக் கொடுத்து விளக்கம் கேட்பது. மூன்றாவதுதான் இந்தப் படிப்பின் உயிர்.

ஓர் எடுத்துக்காட்டு. இலியட்டின் 24ஆம் காண்டம். டிராய் மன்னன் பிரியம், மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு, அவனைக் கொன்ற அகில்லஸின் கூடாரத்துக்கு இரவில் வருகிறான். முழங்காலைப் பற்றி, கைகளை முத்தமிடுகிறான். 479ஆம் அடியில் அந்தக் கைகளுக்கு “ஆள்கொல்லும்” என்ற அடைமொழி. இது காவியத்தில் பெரும்பாலும் ஹெக்டரின் பெயரோடு ஒட்டி வரும் சொல். 506இல் பிரியம் பேசும்போது அது சற்று மாறி “பிள்ளையைக் கொன்றவனின்” கை என்றாகிறது. மூன்றே அடி தள்ளி, இருவரும் அழத் தொடங்கும் இடத்தில், “ஆள்கொல்லும் ஹெக்டருக்காக” தந்தை அழுகிறான் என்று அடைமொழி பழைய சொந்தக்காரனிடம் திரும்பிவிடுகிறது.

வாய்மொழிப் பாடகன் அடியை நிரப்ப வைத்திருக்கும் தயார்ச் சொல்தான் இது, அதற்கு மேல் பொருள் தேடாதே என்று ஒருவர் சொல்லலாம். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே தொழில் செய்தவர்கள் என்பதை அந்தத் தயார்ச் சொல்லை வைத்தே கவிஞர் காட்டுகிறார் என்று இன்னொருவர் சொல்லலாம். இருபது நிமிடத்தில் இதை எழுதிக் காட்ட வேண்டும். கதைச் சுருக்கம் எழுதினால் மதிப்பெண் கிடையாது.

கிரேக்க இலக்கியம் முழுவதையும் படித்துவிட முடியுமா?

முழுவது என்று ஒன்று நம்மிடம் இல்லை. சோஃபோக்ளீஸ் 120க்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். முழுதாகக் கிடைப்பவை 7. ஈஸ்கிலஸின் பெயரிலும் ஏழுதான், அதில் ஒன்று அவருடையதா என்ற ஐயம் உண்டு. சாஃபோவின் கவிதைகளில் முழுமையாக வந்து சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று.

மீதியில் கொஞ்சம் எகிப்தின் குப்பைமேட்டில் இருந்து வருகிறது. ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரில் 1896–97 குளிர்காலத்தில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரண்டு இளைஞர்கள் தோண்டத் தொடங்கினார்கள். அங்கே கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டுகளைப் படித்துப் பதிப்பிக்கும் வேலை இன்னும் முடியவில்லை. 80க்கும் மேற்பட்ட தொகுதிகள் வந்துவிட்டன. முதுமையைப் பற்றிய சாஃபோவின் கவிதை ஒன்று, 1922இல் அச்சான ஆக்ஸிரிங்கஸ் துண்டில் பாதி பாதி அடிகளாக இருந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில் இருந்த வேறொரு பாப்பிரஸ் 2004இல் வெளியாகி விடுபட்ட பகுதிகளை நிரப்பியது. 2014இல் வந்த இன்னொரு சாஃபோ கண்டுபிடிப்பு இவ்வளவு இனிப்பானது அல்ல. அந்த ஏடு வந்த வழி பற்றிச் சொல்லப்பட்ட கதை பிறகு ஆட்டம் கண்டுவிட்டது. கவிதையை ரசிக்கும்போதே, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கேட்கவும் இப்போது வகுப்பிலேயே பழக்குகிறார்கள்.

என்னென்ன புத்தகங்கள் வாங்க வேண்டும்?

தொடக்கத்தில் பாடநூல் ஒன்று போதும். எது என்று துறையே சொல்லும். ஹார்வர்டு வெளியிடும் லோப் வரிசையில் இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் ஆங்கிலம். பச்சை அட்டை என்றால் கிரேக்கம், சிவப்பு என்றால் லத்தீன். வசதியானது, அதனாலேயே ஆபத்தானது: கண் தானாக வலப்பக்கம் ஓடும். நான் ஓர் அஞ்சலட்டையை வைத்து மறைத்துக்கொள்வேன்.

அகராதிகளில் பெரியது லிடெல், ஸ்காட் என்ற இருவர் தொகுத்தது. முதல் பதிப்பு 1843. (லிடெலின் மகள்தான் அற்புத உலகத்துக்குள் விழுந்த ஆலிஸுக்குப் பெயர் கொடுத்த சிறுமி.) கூச்சமான சொற்களுக்கு அது சுற்றி வளைத்துப் பொருள் சொல்லும், சில இடங்களில் லத்தீனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். 2021இல் வந்த கேம்பிரிட்ஜ் அகராதிக்கு அந்தக் கூச்சம் இல்லை. அரிஸ்டோஃபனீஸின் நகைச்சுவை நாடகங்களைப் படிக்கிறவர்களுக்கு எது உதவும் என்று சொல்லத் தேவையில்லை.

பெர்சியஸ் என்ற இணைய நூலகத்தில் மூலநூல்கள் இலவசம். சொல்லைத் தொட்டால் இலக்கண வடிவத்தையும் சொல்லிவிடும். முதல் ஆண்டு முழுவதும் அதைத் தொடாதீர்கள்.

தமிழோடு ஒப்பிட்டு எழுத இடம் உண்டா?

இளங்கலையின் கடைசி ஆண்டு ஆய்வேட்டில் இடம் கிடைக்கலாம். இதற்கு நல்ல முன்னோடி இலங்கைத் திறனாய்வாளர் க. கைலாசபதி. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களை ஹோமரின் காவியங்களைப் போன்ற வாய்மொழி வீரயுகப் பாடல்களாக வாசித்தார்; நூல் 1968இல் வந்தது. ஹோமர் அறிஞர் மில்மன் பாரி 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியப் பாடகர்களிடம் செய்த பதிவுகளால் வலுப்பெற்ற கோட்பாடு, அப்படிப் புறநானூறு வரை வந்து சேர்ந்தது. கைலாசபதியின் முடிவை ஏற்காத அறிஞர்களும் உண்டு. சங்கப் பாடலின் செதுக்கல் வாய்மொழிக்குள் அடங்குமா என்று எனக்கும் சந்தேகம்தான்.

வரலாற்றுப் பக்கம் போனால் வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸ் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு, கிரேக்க மொழி, முசிறிக்கான கடனைப் பற்றியும் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கைப் பற்றியும் பேசுகிறது. ஆனால் ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காகக் கிரேக்கச் சொல்லெல்லாம் தமிழ்ச் சொல்லே என்று கிளம்பினால், ஆசிரியர் புன்னகைத்து மதிப்பெண்ணைக் குறைப்பார். சரியாகவே செய்வார்.

இந்தியாவிலோ இலங்கையிலோ படிக்கலாமா?

இந்தியாவில் இறையியல் கல்லூரிகளில் புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் கற்பிக்கிறார்கள். அது ஏதென்ஸ் காலத்துக்குப் பிந்தைய எளிய நடை, நல்ல அடித்தளம். இலங்கையில் பிளஸ் டூவுக்கு இணையான உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் ஒரு பாடமாகவே இருக்கிறது.

வேலை கிடைக்குமா?

கிரேக்கத்தை வைத்து என்றால், ஆசிரியர் வேலையும் ஆய்வும்தான். இரண்டிலும் இடம் குறைவு. பட்டத்தை வைத்து என்றால், என் வகுப்புத் தோழர்கள் சட்டம், அரசுப்பணி, பதிப்புத்துறை, மென்பொருள் என்று சிதறிப்போனார்கள். பிரிட்டனில் வேலை கொடுக்கிறவர்கள் பலர் பட்டத்தின் பாடத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஊருக்குத் திரும்பினால் கவலைப்படுவார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணத்தை வீட்டை அடமானம் வைத்துக் கட்டி இதைப் படிக்காதீர்கள். உதவித்தொகை கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் வேறு பட்டம் படித்துக்கொண்டே மாலையில் கிரேக்கம் கற்கலாம். அப்படிக் கற்றவர்கள் சிலரை எனக்குத் தெரியும், என்னைவிட நன்றாகப் படிக்கிறார்கள்.

விண்ணப்பிக்கும் முன் இந்தக் கோடையில் என்ன செய்யலாம்?

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் அக்டோபர் நடுப்பகுதியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். ஆகவே கோடை உண்மையிலேயே முக்கியம். எழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு சோக நாடகத்தை மொழிபெயர்ப்பில், ஒரே அமர்வில், சத்தமாகப் படியுங்கள். பிறகு லிசியஸின் அந்தப் பேச்சை எடுத்து, யூஃபிலீட்டஸ் எந்த இடத்தில் பொய் சொல்கிறான் என்று நினைக்கிறீர்களோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். ஏன் அங்கே என்று ஒரு பக்கம் எழுதுங்கள். மறுநாள் அதையே வைத்து, அவன் அங்கே உண்மைதான் சொல்கிறான் என்று இன்னொரு பக்கம் எழுதிப் பாருங்கள். நேர்காணல் அறையில் உங்களைச் செய்யச் சொல்வது ஏறத்தாழ இதைத்தான்.